'ஷே பா' என்றால் 'தெரியல'

"டீச்சர், இங்க வீட்டுல யாருமே புத்தகத்துல இருக்கற மாதிரி பேசல!"

ஜொகூர் பாருவில் என்னிடம் எஸ்.பி.எம். தமிழ்மொழி படித்த மாணவி, பிரான்சின் விஷி நகரிலிருந்து அனுப்பிய குரல்பதிவு இது. 1964இல் தொடங்கிய கவிலாம் மொழி நிலையம் அங்கேதான் இருக்கிறது. பகலில் வகுப்பு, காலையுணவும் இரவுணவும் படுக்கையும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு.

'ஜு நு சே பா' என்றால் 'எனக்குத் தெரியவில்லை'. 'நு', 'பா' இரண்டும் சேர்ந்தால்தான் எதிர்மறை என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். சாப்பாட்டு மேசையிலோ 'நு' காணாமல் போய்விடும். வேகமாகப் பேசினால் 'ஷே பா' மட்டுமே காதில் விழும். நாம் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு 'தெரியல' என்று பேசுகிறோமே, அந்தக் கதைதான். சும்மா சொல்லக்கூடாது, நம் மொழியில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

'து', 'வூ' இரண்டும் அவளைக் குழப்பவில்லை. நம் 'நீ', 'நீங்கள்' போலத்தான். 'வூ'வும் பன்மைக்கும் மரியாதைக்கும் பொது. ஒருமையில் பேசுவதற்கென்றே 'துத்வாயே' என்று ஒரு வினைச்சொல்கூட உண்டு. ஆனால், அறுபதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மா இரண்டாம் நாளே 'து' போட்டுப் பேசச் சொல்லிவிட்டார். "வாய் வரல டீச்சர்" என்கிறாள். இலக்கணம் தெரிந்திருந்தும் வளர்ப்பு விடவில்லை!

சிக்கல் தேர்வில்தான். டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக்கூடாது. வீட்டுப் பேச்சு கேட்டலுக்கும் பேசுதலுக்கும் நன்றாகக் கைகொடுக்கும். எழுத்தில் 'நு'வை விட்டால் பிழை. அவளுடைய பயிற்சிக் கட்டுரையில் ஏழு இடங்களில் சிவப்பு மை. 'தெரியல' என்று எழுதியதற்கு நான் போட்ட கோடுகள் ஞாபகம் வந்ததாம்.

இப்போது நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் மேசையில் கேட்டதை எழுதுகிறாள். வலப்பக்கம் அதன் எழுத்து வடிவம். கேள்விகளை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோகிறாள்.

மாணவர்களே, இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மேசையிலேயே செய்யலாம். போன வாரம் படிவம் நான்கில் 'வந்துருச்சு' என்பதன் எழுத்து வடிவத்தைக் கேட்டேன். 'வந்துவிட்டது' என்று எழுதியவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் 'வந்துறிச்சி' என்று திருத்திக் கொடுத்தார்கள்.