புதுத் தண்ணீர் நிறைந்த ஹவுள்

ஷஅபான் பிறந்ததும் நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஹவுளைக் காலி செய்து கழுவும் வேலை தொடங்கிவிடும். இளைஞர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பாசியைச் சுரண்டுவார்கள். வெடிப்புகளுக்குச் சிமெண்டு பூசி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மறுநாள் புதுத் தண்ணீர் விட்டால் அடித்தரை கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். நான்கைந்து நாளில் அந்த அழகு போய்விடுகிறது. ஓரத்தில் வெள்ளைப் படிவு, நடுவில் கலங்கல், வெயில் படும் மூலையில் பச்சை. முத்தவல்லி மோதினாரைக் கேட்கிறார். மோதினார் மோட்டார் போட்டவரைக் கேட்கிறார். உண்மையில் பெரும்பாலும் எவர் மீதும் குற்றமில்லை. புதிதாக நிறைந்த நீர் இன்னும் நிலைகொள்ளவில்லை, அவ்வளவுதான். அதை நிலைகொள்ளச் செய்யும் வழி எளியது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் வட்டாரத்து வாசகர்களுக்கு அந்த வழி பாதி தூரம்தான் துணைவரும். மீதிப் பாதியைப் பற்றியும் மனம் திறந்து பேசவேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் ஹவுளில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பெரிய ஹவுளுக்குச் சொன்ன அளவு பத்து முழத்துக்குப் பத்து முழம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் பதினைந்துக்குப் பதினைந்து அடி. மூன்றடி ஆழம் நீர் நின்றால் 675 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 19,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போடாமல் “இரண்டு கை பவுடர்” என்று அள்ளிப் போடுவதால்தான் ஒரு வாரம் கண் எரிச்சலும் மறுவாரம் பாசியும் மாறி மாறி வருகின்றன. வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் தொட்டி கட்டியிருப்போரும் இதே கணக்கைப் பின்பற்றலாம்.

அடுத்தது கார அமில நிலை. ஆய்வகத்தார் பி.எச். என்று எழுதும் எண் இதுவே. ஏழு என்பது நடுநிலை. கூடினால் காரம், குறைந்தால் அமிலம். போர்வெல் தண்ணீரில் நிலத்தடியிலேயே கரியமிலவாயு கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப்பட்டதும் அந்த வாயு மெல்ல மெல்ல வெளியேறுகிறது. சோடா புட்டியைத் திறந்து வைத்தாற்போல. வாயு போகப்போக நீரின் காரம் ஏறுகிறது. அதுவரை கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து, கரைந்து நிற்க இயலாமல் வெள்ளைப் படிவாகச் சுவரில் ஒட்டுகிறது. புதுச் சிமெண்டும் புதுச் சுண்ணாம்பும் தம் பங்குக்குக் காரத்தை ஏற்றிவிடும். ஆகவே பூசிய ஹவுளை முதல் தண்ணீரில் ஊறவைத்து, அந்நீரை வெளியேற்றிய பிறகே நிரப்புங்கள். நிரப்பிய அன்று மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். மூன்றாம் நாள் மீண்டும் சோதியுங்கள். முதல் நாள் ஏழரை காட்டிய நீர் மூன்றாம் நாள் எட்டரை காட்டினால் வியப்பில்லை.

இந்த எண்ணுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? பிளீச்சிங் பவுடர் நீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் பொருள். பி.எச். ஆறரையாக இருந்தால் குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு அந்த வடிவில் இருக்கும். ஏழரையில் பாதி. எட்டரையில் பத்தில் ஒரு பங்குதான். பவுடரை எத்தனை கொட்டியும் பாசி போகவில்லை என்று அலுத்துக்கொள்வோர் பலர் இந்த எட்டரையில் நின்றுகொண்டுதான் அலுத்துக்கொள்கிறார்கள். 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்லது. கண்ணுக்கும் தோலுக்கும் அதுவே இதம்.

இனி பவுடருக்கு வருவோம். புதிதாக வாங்கியதில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் குளோரின் இருக்கும். பிரித்த பை ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்தால் அது குறைந்துகொண்டே போகும். 19,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர வேண்டுமானால் நல்ல பவுடர் சுமார் 125 கிராம் போதும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஹவுளில் ஊற்றுங்கள். அடிமண்டி சுண்ணாம்பு, அதையும் கொட்டினால் கலங்கல் நீங்காது. இஷாவுக்குப் பின் ஊற்றுவதே சிறந்தது. பகலில் ஊற்றினால் வெயில் குளோரினை விரைவில் அழித்துவிடும். காலையில் சோதிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல், 1 மில்லிகிராமுக்கு மிகாமல் மிச்சம் இருந்தால் சரி. ஹவுளில் மீன் விட்டிருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். குளோரினை மீன் தாங்காது. மயில்துத்தமும் அப்படித்தான். வாய் கொப்பளிக்கும் நீரில் துத்தம் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

ஓர் எச்சரிக்கையை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. ஒரே வாளியில் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதும் ஆபத்தே. சேர்ந்த கணமே மூச்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். பள்ளிவாசலின் சிறு அறையில் இவ்விரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக் காண்பது அரிதன்று.

லாரித் தண்ணீர் சேறாக வந்தால் 20,000 லிட்டருக்கு 400 கிராம் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, ஓரிரவு அசையாமல் விட்டால் தெளியும். போர்வெல் நீர் பவுடர் போட்டதும் செம்பழுப்பாக மாறினால் அது இரும்பு; படியவிட்டு அடியை வெளியேற்றுங்கள்.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். நம் வட்டாரத்துக்கு உரியது உப்பு. தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டுத்தொகையை ஆய்வகத்தார் டி.டி.எஸ். என்பார்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். காரத்தை இறக்கலாம், பாசியை அழிக்கலாம், கலங்கலைப் படியவைக்கலாம்; உப்பை இறக்கும் பவுடர் எந்தக் கடையிலும் இல்லை. ஒன்று, எதிர்ச் சவ்வூடு முறையில், மக்கள் ஆர்.ஓ. என்கிறார்களே அந்த இயந்திரத்தில், பிரித்தெடுக்கவேண்டும். அல்லது நல்ல தண்ணீரைக் கலந்து செறிவைக் குறைக்கவேண்டும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறியாதவர்களா? பச்சைத் தோல் அழுகாதிருக்கச் சமையல் உப்பைத் தடவி அடுக்குகிறோம். ஆலையில் முதல் ஊறலிலேயே அவ்வுப்பு நீரில் இறங்கிவிடுகிறது. குரோமியத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதன் பெரும்பகுதி நடுநிலை நீரில் கரையாமல் சேற்றோடும் மண்ணோடும் தங்கிவிடும். உப்போ எதிலும் தங்காமல் நீர் போகும் இடமெல்லாம் போகும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு முடிவை எடுத்துக்காட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆலைகள் பல மாறின. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இந்தத் தொழில் நம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடங்கள் கட்டியது, அதை மறுப்பதற்கில்லை. அதே தொழிலின் உப்பு நம் ஹவுளில் முகம் கழுவும் கைக்கும் வருகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. கிணற்றை இழந்த விவசாயியோ ஹவுளுக்கல்ல, குடிப்பதற்கே தண்ணீர் தேடினார்.

ஆகவே இவ்வாண்டு ஹவுளைக் கழுவுமுன் இரண்டு புட்டிகளைக் கழுவுங்கள். ஒன்றில் போர்வெல் நீர், மற்றொன்றில் நிரப்பி மூன்றாம் நாள் ஹவுள் நீர். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். டி.டி.எஸ். இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தால் பவுடருக்குச் செலவிடுவதை நிறுத்திவிட்டு வேறு நீரைத் தேடுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீரை ஹவுளுக்குத் திருப்பலாமே என்று சிலர் கேட்கக்கூடும். தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அது எனக்கு நியாயமாகப்படவில்லை.

மிஞ்சுவது மழைதான். 2,000 சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 7,000 லிட்டர் கிடைக்கும். அப்படி இரண்டு மழையை மூடிய தொட்டியில் பிடித்துவைத்தால் நம் கணக்கு ஹவுளில் முக்கால் பங்கு நிறைந்துவிடும். போர்வெல் நீர் 3,000 காட்டும் இடத்தில் மழைநீரைச் சரிபாதி கலந்தாலே 1,500 ஆகிவிடும். வரும் சில ஆண்டுகளில் ஷஅபான் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வருவது நமக்கு வாய்ப்பு. முதல் மழையில் மாடியைக் கழுவவிட்டு, இரண்டாவதிலிருந்து பிடியுங்கள். முழுவதும் மழைநீராகவே நிரப்பினால் அது சற்று அமிலமாக நின்று சுவரின் சுண்ணாம்பை அரிக்கும். 19,000 லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேலாக ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நிலைகொள்ளும். பாதிக்குப் பாதி போர்வெல் நீர் கலப்பவர்களுக்குச் சோடா வேண்டியதில்லை. அதிலேயே போதிய காரம் இருக்கிறது.