ரெண்டு நாள் ராஜாக்கள்!

நம் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்கள் காலங்காலமாக ரெண்டே ரகம். ஒன்று, விருந்தாளி. காபி கொடுப்போம். 'இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்குங்க' என்று வற்புறுத்துவோம். அவர் கூட்டி வந்த வாண்டு டி.வி. ரிமோட்டை உடைத்தால்கூட, 'பரவாயில்ல சார், குழந்தைதானே!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்போம். இன்னொன்று, குடித்தனக்காரர். அவர் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்தால் போதும்... நமக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ஹவுஸ் ஓனர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்!

இப்போது மூன்றாவதாக ஒருத்தர் முளைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விடுவார். காசு கொடுப்பதால் விருந்தாளி இல்லை. ரெண்டே நாள் என்பதால் குடித்தனக்காரரும் இல்லை. இவரிடம் எப்படிப் பழகுவது என்று நம் தாத்தா, பாட்டி யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒன்று, கூச்சப்பட்டு எல்லாவற்றையும் சகித்துக்கொள்கிறோம். இல்லாவிட்டால், 'மோட்டாரை யாரு போட்டது?' என்று ஹவுஸ் ஓனர் பாணியில் அதட்டுகிறோம். ரெண்டுமே வேலைக்கு ஆகாது!

'எங்கிட்ட ஏது சார் வாடகைக்கு விட இன்னொரு வீடு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஈ.சி.ஆர். பக்கம் லோன் போட்டு வாங்கிய ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட், ஏற்காட்டில் அப்பா பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு, பாட்டி காலத்துக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் காரைக்குடி வீடு... இப்படி எத்தனையோ வீடுகள் இன்று நாள் வாடகைக்குப் போகின்றன. பலருக்கு மாசத் தவணையில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. வருமானம் சந்தோஷம்தான். ஆனால் சாவி கைமாறும்போது, அப்பாவின் முப்பது வருஷ உழைப்பும் சேர்ந்தல்லவா கைமாறுகிறது!

இந்த வியாபாரத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்த கதையே வாடகைப் பிரச்னையில் ஆரம்பித்ததுதான். 2007-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்று இரண்டு இளைஞர்கள், வீட்டு வாடகை கட்ட முடியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒரு டிசைன் மாநாடு. ஓட்டல்களில் இடமில்லை. தங்கள் வீட்டிலேயே காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, காலை டிபனும் சேர்த்து ராத்திரிக்கு 80 டாலர் என்று மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். அந்த 'ஏர்' மெத்தையிலிருந்துதான் 'ஏர்பிஎன்பி' என்ற பெயரே வந்தது. 2008-ல் நேதன் பிளசார்சிக் என்ற நண்பரும் சேர, கம்பெனி ஆயிற்று.

ஆனால், ரூல்ஸ் எல்லாம் எப்போது வந்தன தெரியுமா? வீடு ரெண்டுபட்ட பிறகுதான்! 2011-ல் அதே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்மணி ஊருக்குப் போயிருந்தபோது, தங்க வந்தவர் அவர் வீட்டைச் சூறையாடிவிட்டார். விஷயம் பெரிதாக வெடித்த பிறகே, வீட்டுக்காரர்களுக்கு 50,000 டாலர் வரை நஷ்டஈட்டு உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. 2019-ல் கலிஃபோர்னியாவின் ஒரிண்டா ஊரில் இப்படி எடுத்த ஒரு வீட்டில் ஹாலோவீன் பார்ட்டி நடந்து, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து உயிர்கள் போயின. அதன் பிறகு 2020-ல் பார்ட்டிக்குத் தடை வந்தது. 2022-ல் அதுவே நிரந்தரம் ஆனது.

அத்தனை பெரிய கம்பெனிக்கே அடிபட்ட பிறகுதான் ரூல்ஸ் எழுதத் தோன்றியிருக்கிறது. நாம் அடிபடுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுவோமே! சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னால் அதற்குப் பெயர் நிபந்தனை. கொடுத்த பிறகு சொன்னால் சண்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, நம் ராஜாக்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

'நாங்க ரெண்டே பேர்தான் சார்!'

போனில் ரெண்டு பேர். வாசலில் வந்து நிற்பதோ டெம்போ டிராவலர்! அதிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க, நமக்கு வயிற்றில் புளி கரைக்கும். ஒன்பதாவது ஆள் கையில் கிரிக்கெட் மட்டையோடு இறங்குவார்.

இவர்களுக்கு மருந்து, முன்பணம் வாங்கும்போதே கொடுக்க வேண்டும். எத்தனை பேர், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை... இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கப்போகும் பெரியவர்கள் அத்தனை பேரின் அடையாள அட்டையும் முதலிலேயே வரட்டும். (ஆதார் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்' செய்த பிரதி போதும். அடுத்தவர் ஆதார் நமக்கு எதற்கு?) வெளிநாட்டவர் என்றால் இன்னொரு கடமையும் உண்டு. வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தகவல் கொடுத்தாக வேண்டும். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இது கட்டாயம்.

மீறி வந்துவிட்டால்? கேட்டிலேயே பேசிவிடுங்கள். உள்ளே போய்ப் பாயை விரித்த பிறகு பேச்சு எடுபடாது. 'சார், நாலு பேருக்குத்தான் படுக்கை, பாத்ரூம், தண்ணி எல்லாம். மத்தவங்களுக்குப் பக்கத்துல லாட்ஜ்ல ரூம் கேட்டுப் பாக்கட்டுமா?' என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். சத்தம் போட்டால் அவர்களும் போடுவார்கள். அங்கே ஒன்பது தொண்டை, இங்கே ஒன்றே ஒன்று!

ராத்திரி ராஜா

பகலெல்லாம் பரம சாது. ராத்திரி பதினொன்று அடித்ததும் ஸ்பீக்கரை வெளியே எடுப்பார். அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டு மாமாவின் போன் நமக்கு வரும். 'தம்பி, நீ சின்னப் பையனா இருக்கறப்பலேர்ந்து பாக்கறேன்...' என்று அவர் ஆரம்பித்தால், ராஜா காலி செய்த பிறகும் அந்தக் கசப்பு தெருவிலேயே தங்கிவிடும். விருந்தாளி ரெண்டு நாள், மாமா ஆயுசுக்கும்!

2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 முதல் காலை 6 வரையிலான நேரத்தை 'இரவு' என்கின்றன. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. எனவே, 'பத்து மணிக்கு மேல் வெளியே பாட்டு கிடையாது' என்பது உங்கள் சொந்தக் கெடுபிடி அல்ல. ஊர் சட்டம். அப்படியே சொல்லுங்கள். உங்கள் மீது கோபம் பாதி குறையும்.

முதலில் போன். அப்புறம், எழுத்தில் ஒரு மெசேஜ். அதற்கும் மசியவில்லையென்றால் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். நள்ளிரவில் தனியாகப் போய் வீரம் காட்ட இது சினிமா இல்லை. நிலைமை கைமீறினால் இருக்கவே இருக்கிறது 112. ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது போன்ற பழைய ஹவுஸ் ஓனர் வித்தைகள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம், ஃபியூஸோடு கழன்று வந்துவிடும்!

'ஒரு ஸ்டார்தான் கொடுப்பேன்!'

இவர் பிரியாணியில் எலும்பு தேடுகிற மாதிரி வீட்டில் குறை தேடுவார். 'கெய்சர்ல தண்ணி சூடாகல', 'ஏ.சி. சத்தம் போடுது', 'கடல் இவ்ளோ தூரமா?'

முதல் ரெண்டும் நியாயமான புகார். உடனே ஆள் அனுப்புங்கள். சரிசெய்ய முடியாவிட்டால் நீங்களே முன்வந்து கொஞ்சம் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தப்பில்லை. கடலை நகர்த்துவதுதான் நம் கையில் இல்லை.

'பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லேன்னா ரேட்டிங்ல கிழிச்சிடுவேன்' என்று ஆரம்பித்தால் அது புகார் இல்லை, மிரட்டல். போனில் பேசாதீர்கள். 'சார், நீங்க சொல்றதை மெசேஜா அனுப்பிடுங்களேன்' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அத்தோடு ஜகா வாங்கிவிடுவார்கள். எழுதியே அனுப்புகிற தைரியசாலி என்றால் சாட்சி உங்கள் கையில்! ஏர்பிஎன்பி மாதிரி இடங்களில், விமர்சனத்தைக் காட்டி மிரட்டுவதே விதிமீறல். அங்கே இருவருக்கும் 14 நாள் அவகாசம் உண்டு. இருவரும் எழுதிய பிறகோ, கெடு முடிந்த பிறகோதான் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியும். நீங்களும் நடந்ததை நடந்தபடி, திட்டாமல், நாலு வரி எழுதுங்கள். அடுத்து வருகிறவர்கள் ஒற்றை ஸ்டாரை மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு வீட்டுக்காரர் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார் என்பதையும் பார்க்கிறார்கள்.

'இன்னும் ஒரே மணி நேரம்!'

பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டியவர், ஒரு மணிக்குக் குளிக்கப் போவார். ரெண்டு மணிக்கு அடுத்த பார்ட்டி வரும். பெருக்க வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து உங்களையே முறைத்துக்கொண்டிருப்பார். 'பதினொன்றுக்கு மேல் மணிக்கு இவ்வளவு' என்று முதலிலேயே எழுதிவிட்டால், பெட்டி தானாகவே பத்தரைக்குத் தயாராகிவிடும்.

ஆனால், 'ரெண்டு நாள்' என்று வந்துவிட்டு நகரவே மாட்டேன் என்பவரிடம் கொஞ்சம் உஷார் வேண்டும். பி.காம். படித்தபோது பரீட்சைக்காக உருப்போட்ட சட்டங்கள் இங்கேதான் உதவுகின்றன. 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், 'லீஸ்' பற்றிச் சொல்கிறது. அதில் வீட்டை அனுபவிக்கும் உரிமையே குடித்தனக்காரருக்குப் போய்விடும். அதே 1882-ல் வந்த ஈஸ்மென்ட் சட்டத்தின் 52-வது பிரிவு, 'லைசென்ஸ்' பற்றிச் சொல்கிறது. அது வெறும் அனுமதி. பொதுவாக ரத்து செய்துவிடலாம். அப்படி ரத்து செய்தாலும், மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்ப நியாயமான நேரம் கொடுக்க வேண்டும் என்கிறது 63-வது பிரிவு.

ஆகவே, உங்கள் காகிதத்தில் 'இத்தனை நாள் தங்க அனுமதி' என்று தேதி, நேரத்தோடு இருக்கட்டும். பெயர் மட்டும் போதாது. 'லைசென்ஸ்' என்று தலைப்புப் போட்டுவிட்டு நடைமுறையில் வீட்டை முழுசாகத் தாரைவார்த்திருந்தால், கோர்ட் நடைமுறையைத்தான் பார்க்கும். அதனால் ஒரு சாவி எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். 'இன்னும் ஒரு வாரம்... இன்னும் ஒரு மாசம்' என்று ஜவ்வாக இழுக்க விடாதீர்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் புதுத் தேதி, புதுக் காகிதம்!

உடைத்தவர், 'மறந்து' எடுத்துப் போனவர்

டவல் காணாமல் போவது சகஜம். கண்ணாடி டீப்பாய் ரெண்டாகிப் போனால்? அட்வான்ஸ் பத்தாயிரம் இருக்கிறது என்பதற்காக மொத்தத்தையும் அமுக்கிவிட முடியாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்கிறது. டீப்பாய் மூவாயிரத்து ஐந்நூறு என்றால் அதைப் பிடித்துக்கொண்டு, பில்லைக் காட்டி, மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

அதற்கு சாட்சி வேண்டும். ஒவ்வொருவர் வருவதற்கு முன்னாலும், போன பின்னாலும் வீடு முழுக்க செல்போனில் ஒரு வீடியோ. ரெண்டு நிமிஷ வேலை. ஏர்பிஎன்பி வழியாக வந்தவர் என்றால் சேதத்துக்கான கோரிக்கையை, அவர் காலி செய்த 14 நாளுக்குள் போட்டாக வேண்டும். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு, கல்யாண ஆல்பம் மாதிரியான, எந்த இழப்பீட்டாலும் ஈடுகட்ட முடியாத சமாசாரங்களை முதலிலேயே ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இவரையும் சேர்த்துவிடாதீர்கள்!

தொல்லை தருகிற விருந்தாளி வேறு. நமக்குப் பிடிக்காத விருந்தாளி வேறு. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

2019-ல் கோவையில் இப்படி நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஓர் இடத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்தது, ஓர் அறையில் மது பாட்டில் இருந்தது என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வயது வந்த, மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, சீலை அகற்ற உத்தரவிட்டது கோர்ட்.

ஆகவே, 'தம்பி, தாலி எங்கே?' என்று விசாரணை நடத்தும் வேலை நமக்கு வேண்டாம். ஒழுங்காகப் பணம் கட்டி, சொன்ன நேரத்துக்கு வந்து, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவர் அருமையான விருந்தாளி. அவர் யார், யாருடன் வந்தார் என்பது பக்கத்து வீட்டு ஜன்னலின் கவலை!

கேமரா விஷயமும் அப்படித்தான். 'என்ன பண்றாங்கன்னு பாத்துக்கலாமே' என்று ஹாலில் கேமரா மாட்டினால், தொல்லை தருகிறவர் நீங்கள்தான். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவையே தடை செய்துவிட்டது. வாசலுக்கு வெளியே வைக்கலாம். அதையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஆக, இந்த சனிக்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சத்தம் எதுவரை, உடைந்தால் எவ்வளவு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது... பத்தே வரி. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. பணம் வாங்குவதற்கு முன்னால் அனுப்புங்கள். ஒரு பிரதியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

அதைப் படித்துவிட்டு, 'என்ன சார், இவ்ளோ ரூல்ஸா?' என்று ஒருத்தர் வராமலே போய்விட்டாரா? கவலையை விடுங்கள். அவர்தான் அந்த ஒன்பதாவது ஆளோடு வர இருந்தவர்!