ஓர் ஆசனம் 55 மில்லியன் டொலர்: யாருடைய பணம்?

2021 ஜூலை 20 ஆம் திகதி, அமேசன் நிறுவனர் ஜெப் பெசோஸ் தனது சொந்த நிறுவனத்தின் ரொக்கெட்டில் ஏறிப் பத்து நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் தரைக்குத் திரும்பினார். பின்னர் ஊடகவியலாளர் முன் அமேசனின் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். இதற்கெல்லாம் பணம் கொடுத்தவர்கள் நீங்கள்தான் என்றார். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால், அவர் சொன்னதில் பொய் இல்லை. தனியார் விண்வெளிப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: பணம் யாருடையது?

பெசோஸின் புளூ ஒரிஜினும் ரிச்சர்ட் பிரான்சனின் வேர்ஜின் கலக்டிக்கும் செய்தது, மேலே எறிந்த கல் திரும்பி விழுவதைப் போன்ற பயணம். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரம், சில நிமிட எடையற்ற நிலை, பிறகு தரை. வேர்ஜின் கலக்டிக் தொடக்கத்தில் 200,000 டொலருக்கு விற்ற பயணச்சீட்டு 2021 இல் 450,000 டொலரானது. 2014 இல் அதன் சோதனைப் பறப்பொன்றில் துணை விமானி ஒருவர் உயிரிழந்தார். பணம் படைத்தவர்களின் இந்த உல்லாசத்தைப் பற்றி இதற்குமேல் சொல்வதற்கு அதிகம் இல்லை.

பூமியைச் சுற்றும் பயணம் வேறு. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தை எட்டவும், திரும்பும்போது அதன் வெப்பத்தைத் தாங்கவும்தான் பெரும் பணம் செலவாகிறது. இங்கே பணம் பெரும்பாலும் பொதுமக்களுடையது.

2011 ஜூலையில் அமெரிக்கா தனது விண்வெளி ஓடங்களை நிறுத்தியது. சலஞ்சர், கொலம்பியா விபத்துகளில் 14 பேரை இழந்திருந்த திட்டம் அது. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தனது வீரர்களை ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில்தான் அனுப்ப முடிந்தது. போட்டியாளர் இல்லாத கடையில் விலை எப்படி ஏறும் என்பது எமக்குத் தெரியாததல்ல. 2006 அளவில் 21 மில்லியன் டொலராக இருந்த ஆசனம் 2020 இல் 90 மில்லியனைத் தாண்டியது.

இதற்கிடையில் 2014 இல் நாசா இரண்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்தது. போயிங்கிற்கு 4.2 பில்லியன் டொலர், ஸ்பேஸ்எக்ஸிற்கு 2.6 பில்லியன். தொகைகளைவிட முக்கியமானது ஒப்பந்தத்தின் வகை. பழைய முறையில் ஒப்பந்தகாரர் செய்த செலவு முழுவதையும் அரசு கொடுத்து, அதற்கு மேல் இலாபமும் கொடுக்கும். வேலை இழுபட்டால் கணக்கு வீங்கும். புதிய முறையில் விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. செலவு கூடினால் நட்டம் நிறுவனத்திற்கு. இழுபட்ட திட்டங்களையும் மேலதிகச் செலவுகளையும் பார்த்துப் பழகிய எமக்கு இந்த வித்தியாசத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை.

போயிங்கையே எடுத்துக்கொள்வோம். சந்திரனுக்கான ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் ரொக்கெட்டில் அதன் பங்கு பழைய வகை ஒப்பந்தத்தில் நடக்கிறது. அத்திட்டத்தின் முதல் நான்கு பயணங்களும் ஒவ்வொன்றும் 4.1 பில்லியன் டொலரை விழுங்கும் என்று 2022 இல் நாசாவின் செலவுகளைக் கண்காணிக்கும் சுயாதீன அலுவலகம் அமெரிக்க காங்கிரஸிடம் சொன்னது. அதே போயிங், நிர்ணயித்த விலையில் எடுத்த ஸ்டார்லைனர் திட்டத்தில் 2 பில்லியன் டொலருக்கு மேல் இழந்திருக்கிறது. 2024 ஜூனில் எட்டு நாள் பயணமாகப் புறப்பட்ட சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் உந்துகருவிக் கோளாறுகளாலும் ஹீலியம் கசிவாலும் 286 நாட்கள் கழித்து, 2025 மார்ச்சில், ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில்தான் வீடு திரும்பினார்கள்.

நிர்ணய விலையும் முழுக்க நிர்ணயமாக இருக்கவில்லை. போயிங்கிற்கு மேலதிகமாக 287 மில்லியன் டொலர் கொடுக்க நாசா இணங்கியதை அதே கண்காணிப்பு அலுவலகம் 2019 இல் வெளிப்படுத்தி, அதில் பெரும்பகுதி தேவையற்றது என்றது. ஓர் ஆசனத்தின் விலை ஸ்பேஸ்எக்ஸில் 55 மில்லியன், போயிங்கில் 90 மில்லியன் என்று கணித்ததும் அந்த அறிக்கைதான். மக்கள் பணத்தின் கணக்கு மக்கள் வாசிக்கும்படி வெளிவந்ததே எனக்கு ரொக்கெட்டைவிட வியப்பாக இருக்கிறது.

ஸ்டார்லைனர் தடுமாறியதால் இரண்டு விற்பனையாளர் என்ற ஏற்பாடு நடைமுறையில் ஒருவராகச் சுருங்கியது. 2025 ஜூனில் ஜனாதிபதி டிரம்புடன் முரண்பட்ட எலன் மஸ்க், டிராகன் கலத்தைச் சேவையிலிருந்து விலக்கப்போவதாகப் பதிவிட்டார். சில மணி நேரத்தில் பின்வாங்கினார். ஆனாலும் ஒரு நாட்டின் விண்வெளிப் பயணம் ஒரு தனிமனிதரின் கோபத்தில் தொங்கியதை உலகம் பார்த்தது.

வாடிக்கையாளர்களும் மாறியிருக்கிறார்கள். 2022 இல் அக்ஸியோம் நிறுவனத்தின் முதல் பயணத்தில் தலா 55 மில்லியன் டொலர் கொடுத்துச் சென்றவர்கள் செல்வந்தர்கள். 2025 ஜூனில் அதே நிறுவனத்தின் நான்காவது பயணத்தில் சென்ற சுபான்ஷு சுக்லாவுக்கு இந்திய அரசே பணம் கட்டியது. போலந்து, ஹங்கேரி வீரர்களும் உடன் சென்றார்கள். தனியார் சந்தை என்கிறோம். வாங்குவோர் வரிசையில் நிற்பவை அரசாங்கங்கள்.

இதன் பயன் என்ன? எடையற்ற நிலையில் எலும்பு மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் தேய்கிறது. எலும்புத் தேய்வை ஆராய்பவர்களுக்கு அது பயனுள்ள களம். புற்றுநோய் மருந்தொன்றின் பளிங்குகள் அங்கே சீராக வளர்ந்தன. இவை உண்மையான பயன்கள். ஆனால், விண்வெளி எமக்குத் தந்த பெரும்பாலானவற்றை ஆளில்லாத செய்மதிகள்தான் தந்தன. 2009 இல் சுயாதீன ஊடகவியலாளர் எவரும் வன்னிக்குள் செல்ல முடியாதிருந்தபோது, 'பாதுகாப்பு வலயத்தில்' ஷெல் விழுந்த குழிகளை வணிகச் செய்மதிகளின் படங்கள் காட்டின. 2011 இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையில் செய்மதிப் பட ஆய்வும் இடம்பெற்றது. அதற்கு விண்வெளியில் மனிதர் எவரும் தேவைப்படவில்லை.

அதனால் மனிதரை அனுப்பவே கூடாது என்பதல்ல என் வாதம். பயனைச் சொல்லும்போது செய்மதி தந்ததை விண்வெளி வீரரின் கணக்கில் எழுதாமல் இருந்தால் போதும்.

2000 நவம்பர் முதல் மனிதர் இடைவிடாமல் வாழும் சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030 உடன் மூடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதைக் கடலுக்குள் இறக்கும் கலத்தைச் செய்ய ஸ்பேஸ்எக்ஸிற்கு 843 மில்லியன் டொலர் வரையிலான ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக நிலையங்களைத் தனியாரே கட்டுவார்கள், நாசா வாடகைக்கு இருக்கும் என்பது திட்டம். நாசாவைத் தவிர வேறு எத்தனை வாடகைக்காரர் வருவார்கள் என்பதில்தான் அந்த வியாபாரத்தின் முழுக் கணக்கும் நிற்கிறது.