பாசியை விட்டுவிட்டுச் செடியைப் பாருங்கள்

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் பண்ணவாடி, கோட்டையூர், சேத்துக்குழிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வாடை பழக்கம். சில ஆண்டுகளில் கரையோரத் தண்ணீர் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் தடித்துக் கிடக்கும். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். வழியெங்கும் வயல்களில் இருந்து கழுவிக்கொண்டு வரும் உரமும் ஊர்களின் கழிவுமே அதற்குத் தீனி. நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்துப் பொதுப்பணித் துறையினர் அதோடு மல்லுக்கட்டியதும் உண்டு. 1934-ல் திறந்த, 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்கிற அணைக்கே இந்தப் பாடு.

அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துச் சேலம் குடிக்கிறது. அதே தண்ணீரை இரண்டடித் தொட்டியில் ஊற்றி, மணல் பரப்பி, செடி நட்டு, கப்பியும் டெட்ராவும் விட்டு வளர்ப்பவர்கள் இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் பலர். தொட்டி வைத்த சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்பு படியும்; பிறகு இலை ஓரங்களில் பச்சை நூல்; கொஞ்ச நாளில் கட்டையிலும் கல்லிலும் கறுப்புத் தாடி. கடைக்குப் போனால் பாசிக்கொல்லி பாட்டில் ஒன்றைத் தருவார்கள். அணையில் உரம் கலந்ததால் பாசி வந்தது, எனவே தொட்டிக்கும் உரமே எதிரி என்று நினைத்து, வளர்ப்பவர்கள் செடிக்குப் போடும் சத்தையும் நிறுத்திவிடுவார்கள். பாசி இன்னும் செழிக்கும்.

உரத்தைச் சந்தேகிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973-ல் எட்டு வடிவ ஏரி ஒன்றின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள்; ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையாக மாறியது, மற்றது தெளிவாகவே நின்றது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. 1990-களில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர் கிட்டத்தட்ட இதே கணக்கைத் தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள்: மற்ற சத்துகளைத் தாராளமாகக் கொடு, பாஸ்பேட்டை மட்டும் பட்டினி போடு, செடி ஜெயிக்கும், பாசி தோற்கும். பல ஆண்டுகள் அதுவே வேதமாக இருந்தது. பிறகு அமெரிக்காவில் டாம் பார் என்பவர், செடி அடர்ந்த தொட்டிகளில் வேண்டுமென்றே பாஸ்பேட் போட்டுப் பார்த்தார். பாசி வரவில்லை, செடிதான் வேகமாக வளர்ந்தது.

இரண்டும் எப்படி உண்மையாகும்? ஷிண்ட்லரின் ஏரியில் விழுந்த பாஸ்பரஸ் நேராக மிதக்கும் பாசிக்குப் போனது. செடி நெருக்கமாக நிற்கும் தொட்டியிலோ பாசி வித்து எப்போதும் இருக்கிறது, சத்தும் இருக்கிறது. ஆனாலும் வளரும் செடியின் இலையில் அது ஒட்டுவது குறைவு. செடி பசியில் நின்று, பழைய இலை அழுகி, அதிலிருந்து அம்மோனியா கசிகிற நேரத்தில்தான் பாசி கிளம்புகிறது. என் பார்வையில் தொட்டிப் பாசிக்கு முக்கால்வாசிக் காரணம் பசித்த செடிதான்.

அந்தப் பசியைத் தூண்டுவது வெளிச்சம். வெளிச்சம் கூடினால் செடி கேட்கும் கார்பனும் கூடும், நைட்ரஜனும் கூடும். கொடுக்க வழியில்லாமல் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எல்.இ.டி. எரிப்பவர்களுக்குப் பாசி வருவதில் ஆச்சரியம் இல்லை. புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம் ஏராளம். டைமர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். கடையில் இருக்கும் எந்தப் பாசிக்கொல்லியையும்விட அது மலிவு. சேலத்து மாடி வீட்டில் மேற்கு ஜன்னல் வழியாக நாலு மணி வெயில் தொட்டியில் விழுமானால், முதலில் தொட்டியை நகர்த்துங்கள். கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் வாயு குறையும், மீனுக்கும் செடிக்கும் தேவை கூடும். அந்த இரண்டு மாதம் வெளிச்சத்தை இன்னும் ஒரு மணி நேரம் குறைத்தாலும் நஷ்டமில்லை.

கார்பன் விஷயத்தில், குழாய்த் தண்ணீருக்குப் பதில் பலர் ஊற்றும் கடினமான போர்த் தண்ணீருக்குத் தனிக் குணம் உண்டு. கரியமில வாயு, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். அதனால்தான் சிலிண்டர் வைத்து வாயு விடுகிறார்கள். சிலிண்டர் இல்லாதவர்கள், கடினத் தண்ணீரில் நிறைய இருக்கும் பைகார்பனேட்டையே கார்பனாக எடுத்துக்கொள்ளும் செடிகளை நடலாம். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா இரண்டும் இதில் கெட்டிக்காரர்கள். வாலிஸ்நேரியா இலையை வெளியே எடுத்து விரலால் நீவிப் பாருங்கள், சொரசொரவென்று வெள்ளைச் சுண்ணாம்பு உதிரும். அது நோயல்ல, பைகார்பனேட்டை உறிஞ்சியதில் இலை மேல் படிந்த கால்சியம் கார்பனேட். வாட்டர் மாஸ் போன்ற மாஸ் வகைச் செடிகளுக்கு இந்த வித்தை தெரியாது. அவற்றை நட்டுவிட்டு ஏன் பச்சை நூல் சுற்றிக்கொள்கிறது என்று கேட்பதில் பயனில்லை.

சத்துக்கு வெளிநாட்டு பாட்டிலைத் தேட வேண்டாம். சொட்டுநீர்ப் பாசனம் போடும் ஊர்களின் உரக்கடைகளில் 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட்டும், 0-52-34 என்ற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டும் ஒரு கிலோ பொட்டலமாகவே கிடைக்கும். 100 லிட்டர் தண்ணீரில் முதலாவதை ஒரு கிராம் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் நைட்ரேட் கூடும். இரண்டாவது அதே அளவில் 7 மில்லிகிராம் பாஸ்பேட்டை ஏற்றிவிடும், அது மிக அதிகம். பத்தில் ஒரு பங்கு போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் இந்த இரண்டாவதை 10 கிராம் கரைத்து வைத்துக்கொண்டு, 100 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி விட்டால் கணக்கு சரியாகும். யூரியா, டி.ஏ.பி. பக்கம் போகவே வேண்டாம். அவை அம்மோனியாவைக் கொண்டுவந்து தண்ணீரையே பச்சையாக்கும், மீனையும் கொல்லும். நுண்ணூட்டக் கலவை வாங்கினால் தாமிரம் எவ்வளவு என்று பாருங்கள், இறால் தாங்காது.

போர்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் இதற்கு முன் ஒரு நைட்ரேட் சோதனை செய்துவிடுவது நல்லது. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கோழிப்பண்ணைகளும் விவசாயமும் நெருங்கிய நாமக்கல் வட்டாரத்தில் சில கிணறுகள் அதைத் தாண்டியவை. அந்த வீடுகளில் 13-0-45-க்கு வேலையே இல்லை. பாஸ்பேட்டும் இரும்பும்தான் குறையும். கண்ணாடியில் கடினமான பச்சைப் புள்ளிகள் பிடித்து, பிளேடால் சுரண்டினால்தான் வருகிறது என்றால், பாஸ்பேட் குறைவு என்பது வளர்ப்பவர்களின் அனுபவம்.

மற்ற பாசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுத் தொட்டியின் பழுப்புப் படிவு டயட்டம்; துடைத்துவிட்டுச் சும்மா இருந்தால் தானே போகும். கறுப்புத் தாடி உண்மையில் சிவப்புப் பாசி இனம். கரியமில வாயு ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் போகும் தொட்டிகளில்தான் அதிகம் தெரியும்; பிடித்த இலையைக் கத்தரித்துவிடுவதே சிறந்தது. மணல் மேல் போர்வையாகப் படர்ந்து, நாறும் நீலப்பச்சைப் பாசி ஒரு பாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி மூன்று நாள் இருட்டில் வையுங்கள். காற்று பம்ப் மட்டும் ஓடட்டும்.

“லிக்விட் கார்பன்” என்று விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கழுவும் கிருமிநாசினி. கறுப்புத் தாடி சாகும்தான்; நம் தண்ணீருக்கு ஏற்ற வாலிஸ்நேரியாவும் கூடவே கரைந்து போகும். மயில்துத்தம் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இறாலும் நத்தையும் மிஞ்சாது.

ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மீன் குஞ்சு வளர்க்கும் பண்ணைக்காரர் இதே பச்சைத் தண்ணீருக்காகத்தான் குளத்தில் சாணியும் கோழி எருவும் போடுகிறார். முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பதம், முழங்கை நனைவதற்குள்ளேயே மறைந்துவிட்டால் எருவை நிறுத்துவார். கட்லாக் குஞ்சுக்கு அந்தப் பச்சையில்தான் நுண்ணுயிர்த் தீனி உருவாகிறது. வரவேற்பறையில் அதை யாரும் ரசிப்பதில்லை, அவ்வளவே.

பாசி தின்ன மீன் கேட்டால் “டேங்க் கிளீனர்” என்று கடையில் சக்கர் மீனைத் தருவார்கள். விரல் நீளத்தில் இருக்கும்போது கண்ணாடியை மேயும். வளர்ந்தால் ஒன்றரை அடி, வேலை குறைவு, கழிவு அதிகம். நம் கடினத் தண்ணீருக்குப் பிளாக் மோலி பொருத்தம். நாள் முழுக்க இலையைக் கொத்திக்கொண்டே இருக்கும், தீனியை ஒரு வேளை குறைத்தால் இன்னும் நன்றாகக் கொத்தும். சக்கர் மீன் ஏற்கனவே வீட்டில் பெரிதாகிவிட்டதென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். சேலம் மூக்கனேரியிலோ நாமக்கல் கமலாலயக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் வலை வீசுபவர்கள் இன்று அதை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருப்பது, யாரோ தொட்டியைக் காலி செய்த நாளின் மிச்சம்தான்.