கண்ணாடியிழைப் படகின் பின்பலகை: புதுப்பிக்கும் முறை

கொச்சி மாநகரின் இடப்பள்ளி, 66-ஆம், 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைகள் கூடுமிடமாகும். இதற்கு வடக்கே பெரியாற்றை ஒட்டிய ஆலுவா, வடக்குப் பறவூர் பகுதிகள் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெள்ளத்தில் மூழ்கியபொழுது, கேரளக் கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டிற்கு விரைந்து வந்து, ஆயிரக்கணக்கான மக்களைக் காப்பாற்றினர். நீருக்குள் மறைந்திருந்த மதில்களிலும் கற்களிலும் மோதிப் பல படகுகள் சேதமுற்றன. கடலில் உழைப்பதற்கென்றே அமைந்த ஒரு படகு எவ்வளவு தாங்கும், எங்கே முதலில் தளர்ச்சியுறும் என்ற வினாவை இந்நிகழ்ச்சி எழுப்பிற்று. வெளிப்பொருத்து எஞ்சின் கொண்ட கண்ணாடியிழைப் படகுகளைப் பொறுத்தவரை, நாட்பட்டால் முதலில் நலிவடையும் உறுப்புகளுள் ஒன்று, எஞ்சினைத் தாங்கி நிற்கும் பின்பலகையேயாகும். படகு கட்டுவோர் இதனை 'டிரான்சம்' என்பர்.

எஞ்சினும் பின்பலகையும்

நம் மேற்குக் கரையின் பழைய வள்ளங்கள் பெரும்பாலும் இரு முனைகளும் கூர்மையாக அமைந்தவை. அவற்றுக்குத் தட்டையான பின்பலகை இல்லை. 1952-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் இயந்திரப் படகுகளைப் பரப்பிற்று. 1957-இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் படகு, வலை, மீன் பதனம் ஆகிய துறைகளில் ஆராய்ச்சியை மேற்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் கேரளத்தின் சிறு வள்ளங்களுக்கு வெளிப்பொருத்து எஞ்சின்கள் வேகமாகப் பரவின. எஞ்சினைப் பூட்டுவதற்கு உறுதியான இடம் தேவைப்படவே, தட்டையான பின்புறம் கொண்ட படகுகள் பெருகலாயின. தமிழகக் கரையில் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இழந்தவற்றுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் கட்டி வழங்கப்பட்டன. அவற்றுள் இன்றும் எஞ்சியிருப்பவை இருபது ஆண்டுகளைக் கடந்தவை. ஆதலால் பின்பலகையைப் புதுப்பிக்கும் கலையை அறிவது இன்றைய தேவையாகும்.

பின்பலகை ஏன் கெடுகிறது?

பின்பலகை மூன்று அடுக்குகளாலானது. வெளியிலும் உள்ளிலும் கண்ணாடியிழைத் தோல், நடுவில் ஒட்டுப்பலகை. எஞ்சின் முன்னோக்கி உந்தும்பொழுது, அதன் தாங்கியின் அடிப்பகுதி பலகையை முன்னே அழுத்துகிறது. மேற்பகுதியோ அதனைப் பின்னே இழுக்கிறது. அலையில் படகு குதிக்கும் ஒவ்வொரு முறையும் இவ்விசை கூடிக் குறைகிறது. இவ்வாறு வளைந்து நிமிரும் பலகையின் திருகாணித் துளைகள் சிறிது சிறிதாகத் தளர, அவற்றின் வழியே நீர் உட்புகுகிறது.

இங்கே கருதத்தக்க ஓர் உண்மை உண்டு. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்புநீரைவிட மழைநீரே உகந்தது. கரையில் ஏற்றி வைத்த படகில் தேங்கும் மழைநீர், கடலில் ஓடும் படகின் உப்புநீரைவிடக் கூடுதலான தீங்கு விளைவிக்கக்கூடும். தோல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே மரம் மட்கியிருக்கும். இதுவே இக்குறையின் பெரும் அபாயம். கரைக்கு வெகுதொலைவில் எஞ்சின் பிடியிழந்தால், இழப்பு எஞ்சினோடு நிற்காது. உயிருக்கே கேடு வரலாம்.

கண்டறியும் முறை

மூன்று எளிய சோதனைகள் போதும். ஒன்று, சிறு சுத்தியலால் பலகை முழுவதும் தட்டிப் பார்த்தல்: நல்ல இடம் கணீரென ஒலிக்கும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். இரண்டு, எஞ்சினைச் சாய்த்து உயர்த்தி, அதன் காலை மேலும் கீழும் அசைத்தல்: பலகை நெகிழ்ந்தாலோ, மூலைகளில் மயிரிழை வெடிப்பு விரிந்தாலோ ஐயமில்லை. மூன்று, உட்புறத்தின் கீழ்ப்பகுதியில் சிறு துளையிட்டு மரத்தூளைப் பார்த்தல்: வெளிறி உலர்ந்திருந்தால் நன்று, கறுத்து ஈரமாக வந்தால் பலகையை மாற்றவேண்டும். சோதனைத் துளைகளை உடனே அடைத்துவிடுதல் வேண்டும்.

புதுப்பிக்கும் படிகள்

முதலில் எஞ்சினை இறக்கி, படகைச் சமநிலையில் பல இடங்களில் முட்டுக் கொடுத்து நிறுத்துக. பலகையை நீக்கிய படகு எளிதில் உருத்திரியும். அவ்வுருவிலேயே புதிய பலகையை ஒட்டினால் குறை நிலைத்துவிடும். பழைய பலகையின் உயரம், தடிப்பு, சாய்வு ஆகியவற்றை அளந்து, அட்டையில் மாதிரி வெட்டிக்கொள்க.

வெளித்தோல் நன்றாக இருப்பின் அதனை விட்டுவைத்து, உட்தோலை மட்டும் ஓரங்களில் சில அங்குலம் விட்டு அறுத்தெடுப்பது சிறந்த முறை. வெளித்தோலே புதிய பலகைக்கு அச்சாக அமையும். மட்கிய மரத்தை உளியால் முற்றிலும் அகற்றுக. 'கொஞ்சம் இருக்கட்டும்' என விடப்படும் ஈரமரம் புதிய மரத்தையும் கெடுக்கும். பின்னர் நன்னீரால் கழுவி, முழுதும் உலரவிட்டு, ஒட்டும் பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குக.

நடுப்பலகைக்கு இந்தியத் தர நிர்ணயம் 710-க்கு உட்பட்ட கடல்தர ஒட்டுப்பலகையே ஏற்றது. வீட்டு அறைகலன்களுக்கான மலிவுப் பலகை இங்கே உதவாது. இரு பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பழைய தடிப்பைப் பெறலாம். பலகையின் விளிம்புகளே நீரை உறிஞ்சுமாதலால், அவற்றுக்கு முன்னதாகவே பிசின் பூசவேண்டும். ஒட்டும்பொழுது இடையில் காற்றுக் குமிழ் தங்காதவாறு களிம்பு நிறைவாகப் பரவ வேண்டும்.

அடுத்து உட்தோல். இழைப்பாயையும் நெசவிழையையும் மாறிமாறி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிட அகலமாகப் படகின் பக்கங்களிலும் அடித்தளத்திலும் படிந்து ஏறுமாறு அமைத்தல் வேண்டும். மூலைகளைக் களிம்பால் உருட்டி நிரப்பாவிடில் இழை மடிந்து உடையும். பலகைக்கும் அடித்தளத்திற்கும் இடையே முட்டுத்தாங்கிகள் அமைத்தால், எஞ்சினின் விசை படகு முழுவதற்கும் பகிர்ந்து செல்லும்.

பிசினைப் பற்றி ஒரு சொல். பாலியெஸ்டர் பிசின் மலிவானது. ஆனால் பழைய தோலின்மீது எப்பாக்சிப் பிசினே உறுதியாகப் பற்றும். எப்பாக்சியின்மேல் பாலியெஸ்டர் சரிவர ஒட்டாது என்பதையும் நினைவிற் கொள்க. பாலியெஸ்டரைக் கையாளும்பொழுது, கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடு கெட்டியாக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கலாகாது. அவை வெடித்துத் தீப்பற்றும். முடுக்கியை முதலில் பிசினில் நன்கு கலந்த பின்னரே கெட்டியாக்கியைச் சேர்த்தல் வேண்டும். முகமூடி, கையுறை, காற்றோட்டம் ஆகியவை இன்றியமையாதவை. அருகில் பீடி, அடுப்பு கூடாது.

இறுதியாக, திருகாணித் துளைகளைத் தேவையைவிடப் பெரிதாக இட்டு, எப்பாக்சிக் களிம்பால் நிரப்பி, அது இறுகியபின் சரியான அளவில் மீண்டும் துளையிடுக. இவ்வாறு செய்தால் திருகாணி தளர்ந்தாலும் நீர் மரத்தை எட்டாது. பழைய பலகை கெட்ட காரணமே துளைகள்தாம் என்பதை மறத்தலாகாது.

காலமும் கூரையும்

நடைமுறையில் எழும் இடர்ப்பாடு வேறொன்று. கேரளத்தில் சூன் 9 நள்ளிரவு முதல் சூலை 31 வரை இழுவலைப் படகுகளுக்குத் தடை உள்ளது. கடலும் கொந்தளிக்கும் இப்பருவத்தில்தான் சிறு படகுகாரர்களுக்கும் பழுதுபார்க்க ஓய்வு கிடைக்கிறது. ஆனால் அதுவே தென்மேற்குப் பருவமழைக் காலம். ஈரம் மிகுந்த காற்றில் பிசின் சரிவர இறுகாது. நனைந்த இழை ஒட்டாது. வறண்ட திங்களில் செய்யலாமென்றாலோ, அது வருவாய் ஈட்டும் காலம். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட மீனவர், மழையிலேயே அவசரமாக ஒட்டிக் கடலுக்குச் செல்ல நேரிடுகிறது.

இதற்குத் தீர்வு எளியது. ஆனால் ஒருவர் தனித்துச் செய்ய இயலாதது. மீன் இறங்குதளங்களில் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் கூரையிட்ட பணிக்கூடங்கள் அமையலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கண்ணாடியிழைப் பழுதுபார்ப்பைப் பாடமாக்கலாம். புதிய படகுக்கு வழங்கும் உதவியைப் பழைய படகின் புதுப்பிப்புக்கும் நீட்டிக்கலாம். ஆண்டாய்வின்போது பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதையும் விதியாக்கலாம்.

இறுகிய கண்ணாடியிழையை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. கைவிடப்பட்ட படகு கரையில் நெடுங்காலம் கிடக்கும். எரித்தால் நச்சுப்புகை எழும். தோல் நலமாயிருக்க, நடுமரம் மட்கிய ஒரே காரணத்தால் ஒரு படகை ஒதுக்குவது குடும்பத்திற்கும் கடற்கரைக்கும் ஒருங்கே இழப்பாகும். ஒரு பலகையை முறைப்படி மாற்றினால் அப்படகு மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். அதில் செல்வோரும் அச்சமின்றிக் கரை திரும்புவர்.