இருண்ட உலக நாவல்கள் வகுப்பறைக்கு எதற்கு?

நாளைய உலகில் ஒரு கொடுமையான ஆட்சி நடக்கும். அதை ஒரு பதின்ம வயதுப் பிள்ளை எதிர்த்து நிற்கும். இப்படிப்பட்ட ஆங்கில நாவல்களை 'டிஸ்டோப்பியா' நாவல்கள் என்கிறார்கள். பிள்ளையின் கையில் இதைப் பார்க்கும் பெற்றோர், "படிக்கிற வயதில் கொலையும் சாவும் எதற்கு?" என்று கேட்பது நியாயம்தான்.

பதில் தேட லோய்ஸ் லௌரியின் 'தி கிவர்' நல்ல இடம். 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்நாவல், மறு ஆண்டே சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. அங்குப் பல பள்ளிகளில் இது பாடநூல். பள்ளியிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் முறையிடப்பட்ட நூல்களிலும் ஒன்று.

கதை நடக்கும் ஊரில் பசியில்லை, சண்டையில்லை. பன்னிரண்டு வயதானதும் பெரியவர்கள் கூடிப் பிள்ளையின் தொழிலை முடிவு செய்துவிடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. விடியுமுன் பெரட்டு, கிராணியின் கணக்கு, ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திப் பால்மரம் வெட்டப் போன பிள்ளைகள்... "உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வேலையை யார் முடிவு செய்தார்கள்?" என்று ஆசிரியர் கேட்டுவரச் சொன்னால் பாதிப் பாடம் வீட்டிலேயே நடந்துவிடும்.

மீதிப் பாதி ஒரே சொல்லில் இருக்கிறது. அந்த ஊரில் முதியவர்களையும், விதியை மூன்றாம் முறை மீறியவர்களையும், சரியாக வளராத குழந்தைகளையும் 'விடுவிப்பார்கள்'. எங்கோ வேறிடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் சிறுவன் ஜோனஸ் நம்புகிறான். ஒருநாள் அதன் பதிவைப் பார்க்கிறான். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததற்கு அவனுடைய தந்தையே ஊசி போடுகிறார். குழந்தை இறந்துபோகிறது. தந்தையின் குரலில் இருந்த கொஞ்சல் கடைசிவரை மாறவில்லை.

தமிழ் இலக்கணம் படித்த மாணவருக்கு இது சட்டென்று பிடிபடும். சுடுகாட்டை 'நன்காடு' என்பதும், செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும் மங்கல வழக்கு. கேட்பவர் மனம் நோகக்கூடாது என்று சொல்லை மாற்றுகிறோம். உண்மை எல்லாருக்கும் தெரியும். ஜோனஸின் ஊரிலோ உண்மை தெரியக்கூடாது என்பதற்காகவே சொல் மாறியிருக்கிறது. இந்த வேறுபாடு விளங்கிய பிள்ளை, ஆட்குறைப்பை 'மறுசீரமைப்பு' என்று அறிவிக்கும் செய்தியையும் இனி வேறு கண்ணோடு படிக்கும்.

சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை நடத்துவது இதைவிடச் சிரமம். 12 முதல் 18 வயது வரையிலான 24 பிள்ளைகளை, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை மோதவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுகிறது அரசு. யார் யாரை வீழ்த்தினார் என்பதிலேயே வகுப்பு மூழ்கினால், மாணவர்களும் அந்த வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். படத்தை முன்பே பார்த்த வகுப்பென்றால் சொல்லவே வேண்டாம். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார், அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்ற கேள்வியை ஆசிரியர் தொடக்கத்திலேயே போட்டாக வேண்டும்.

இதெல்லாம் வெறும் கதை என்று ஒதுக்கவும் முடியாது. அந்நாவலில் வரும் மூன்று விரல் வணக்கத்தை, 2014 இராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் பக்கத்து நாடான தாய்லாந்தில் மாணவர்கள் உயர்த்திக் காட்டினார்கள். சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2021இல் மியன்மார் வீதிகளிலும் அதே மூன்று விரல்கள் உயர்ந்தன.

ஆங்கிலம் அவ்வளவாக வராத பெற்றோரும் இந்தப் பாடத்தில் சேர்ந்துகொள்ளலாம். 'தி கிவர்' முடியும்போது ஜோனஸ் பிழைத்தானா என்பது தெளிவாகத் தெரியாது. பின்னர் வந்த தொடர் நாவல்களில்தான் தெரியவரும். முதல் நாவலை முடித்த பிள்ளையிடம், "பையன் பிழைத்தானா?" என்று தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம். விடைத்திட்டம் இல்லாத கேள்வி என்பதால் முதலில் கொஞ்சம் திணறும்.