எரிந்த தூணைத் தட்டிப் பார்த்தால்

தீ அணைந்த கட்டடத்தைச் சோதிக்க வரும் பொறியாளரின் முதல் கருவி சுத்தியல்தான். கரி படிந்த தூணைத் தட்டுவார். 'ணங்' என்றால் சரி. 'பொத்' என்றால் மேல்பாளம் உள்ளே கழன்றுவிட்டது. அடுத்து உளியால் கொத்தி நிறம் பார்ப்பார்.

ஜல்லியிலும் மணலிலும் இரும்புச் சேர்மம் இருந்தால், 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். 600ஐ நெருங்கினால் வெளிறிச் சாம்பல் நிறமாகும். ஆறினாலும் பழைய நிறம் திரும்பாது. சிவப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தால், பலமிழந்த பகுதி ஏறத்தாழப் பிடிபட்டுவிடும். எல்லா ஜல்லியும் சிவக்காது என்பதால், நிறம் மாறவில்லையே என்று நிம்மதியடையவும் முடியாது. உருளையாகத் துளைத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வேறு ஜாதி. 600 டிகிரியில் பாதி பலம் போய்த் தொய்யும். ஆறினால் பெரும்பகுதி திரும்பிவிடும். கான்கிரீட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கம்பியைச் சூடு சீக்கிரம் எட்டாமல் காப்பது அதை மூடியிருக்கும் சில சென்டிமீட்டர் கான்கிரீட், அதாவது 'கவர்'. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்கச் சோம்பல்பட்டு, கம்பியைப் பலகைமேல் கிடத்தியே கான்கிரீட் கொட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆனால் கவரே வெடித்துச் சிதறினால்? 1996 நவம்பர் 18 அன்று, ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் லாரிகளை ஏற்றிச் சென்ற ரயில் தீப்பிடித்தது. ரயிலில் இருந்த 34 பேரும் பிழைத்தார்கள். சுவர்தான் பிழைக்கவில்லை: 40 சென்டிமீட்டருக்குக் குறையாத கான்கிரீட் வளையம், சில இடங்களில் ஏறக்குறைய முழுவதுமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. அது மட்டமான கான்கிரீட் அல்ல, மிக உறுதியானது. வினையே அதுதான். நெருக்கமான கான்கிரீட்டில் நுண்துளைகள் குறைவு. உள்ளிருக்கும் ஈரம் ஆவியானதும் வெளியேற வழியின்றி, விசில் அடைத்த குக்கர்போல அழுத்தம் ஏறுகிறது. சூட்டில் விரியும் மேற்பரப்பின் இறுக்கமும் சேர, சில்லு சில்லாகத் தெறிக்கிறது.

இதற்குக் கிடைத்த மருந்து விசித்திரமானது: எளிதில் உருகும் பிளாஸ்டிக். சாக்கு நெய்கிற அதே பாலிப்ரொப்பிலீனை, தலைமுடியைவிட மெல்லிய இழையாக்கிக் கலவையில் சேர்க்கிறார்கள். 160 டிகிரியைத் தாண்டியதும் அது உருகி, ஆவி தப்பிக்கச் சந்துகளை விட்டுச்செல்கிறது. பின்னாளில் லண்டனிலிருந்து கால்வாய்ச் சுரங்கத்துக்குப் போட்ட அதிவேகப் பாதையின் சுரங்கங்களில் இந்த இழை உண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. அதில் இழை ஒன்றிரண்டு கிலோதான்.